தட்டையாக வந்த பெட்டி

பெட்டி என்று சொல்லித்தான் விற்றார்கள். கூரியர்காரர் கொண்டுவந்து நீட்டியதோ, முகூர்த்தப் புடவை வைத்துக் கொடுக்கும் அட்டைப்பெட்டியைவிடச் சற்றே பெரிய, தட்டையான ஒரு பொட்டலம். பிரித்தால், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கறுப்புத் தகடுகள், ஒரு பையில் திருகுகள், இன்னொரு பையில் ஒயர்களை இறுக்கிக் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகள், எழுத்தே இல்லாமல் படங்களால் மட்டும் ஆன ஒரு தாள். தகடுகளைப் பூட்டிப் பெட்டியாக்குவதும், கணினியின் உறுப்புகளை ஒவ்வொன்றாக அதற்குள் ஏற்றுவதும் வாங்கியவர் பொறுப்பு.

ஆரணியில் சேவூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், அந்தப் பொறுப்பைத் தாமே தேடி ஏற்றுக்கொண்டவர் அபிதகுசாம்பாள். முழுதாகப் பூட்டிய கணினி கடையில் கிடைக்காமல் இல்லை. ஆனால், பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை இனி இன்னொருவர் சொல்லித் தாம் நம்புவதில்லை என்று அவர் முடிவு செய்திருந்தார்.

அந்த முடிவு ஒரே நாளில் வந்ததன்று. அவர் பிறந்தது வந்தவாசிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில். திருவண்ணாமலை அம்மனின் பெயரை மகளுக்கு ஆசையாக வைத்த தகப்பனார், எந்தப் படிவத்தின் கட்டங்களுக்குள்ளும் அது அடங்காது என்பதை நினைத்திருக்க மாட்டார். பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், குடும்ப அட்டையில் வேறு விதம், ஆதாரில் பாதியில் வெட்டுப்பட்டது இன்னொரு விதம். மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதில், கைக்கு வந்த எந்தத் தாளையும் எறியக் கூடாது என்ற வழக்கம் அவருக்கு ஊறிப்போனது. கல்யாணமாகி வந்தபோது அவர் கொண்டுவந்த தகரப் பெட்டியைத் தூக்கிய கணவர் வேடியப்பன், இன்றைக்கும் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு: "செம கனம். நகைதான் கீதுன்னு தூக்கிகினு வந்தேன். தொறந்தா ரசீது கீது!"

வேடியப்பன் பட்டு நெய்பவர். அவருடைய தறிக்கு டிசைன் எழுதிக் கொடுத்தவர்களின் வரைபடத் தாளை அபிதா ஒருநாள் வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு கட்டமும் ஓர் இழை இன்னோர் இழையைக் கடக்கும் இடம் என்று புரிந்தவுடன், அதுவரை பூவாகவும் கொடியாகவும் தெரிந்த சேலைக்கரை அவருக்குக் கணக்காகத் தெரிந்தது. சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. கைப்பேசியில் வீடியோ பார்த்தும், பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்தும், கணினியில் டிசைன் போடும் முறையைத் தாமாகவே கற்றார். ஊரில் அந்த வேலைக்கென்று இருந்த டிசைன் சென்டர்களை விட்டு, பல தறிகளுக்கு முதலாளியான முள்ளிப்பட்டு மாஸ்டர் வீவர் பச்சையப்பன் ஒரு வேலையை அவரிடம் கொடுத்துப் பார்த்தார். பிறகு தொடர்ந்து கொடுத்தார். வீட்டு வாசலில் பெயர்ப்பலகை இல்லை. ஆனாலும், "அபிதா போட்ட டிசைன்" என்று தறி வீடுகளில் ஒரு பேச்சு உண்டாயிற்று.

போன வருஷம் அந்தப் பேச்சு நின்றது. ஒரு கடையில் புதிது என்று நம்பி வாங்கிய கணினி, பெரிய வேலை ஒன்றின் நடுவில் உயிரை விட்டது. கடைக்காரர், "சீல் ஒடஞ்சிருக்கு, நீங்களே தொறந்து நோண்டியிருக்கீங்க" என்று கைவிரித்தார். அபிதா அதுவரை திறந்தே இருக்கவில்லை. கடைசியில் சாட்சி வைத்துத் திறந்தபோது, யாருடைய வீட்டுத் தூசியோ அப்பிய பழைய பலகை உள்ளே இருந்தது. ரசீது, புகைப்படம், கடிதத்தின் நகல் எல்லாவற்றோடும் அவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். வழக்கு வாய்தாவில் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கணினி வெள்ளைத் துணி சுற்றி பீரோவின்மேல் இருந்தது. சாட்சிப் பொருள் என்பதால் யாரும் தொடக் கூடாது.

ஆனால் ஆணையம் விசாரிக்காத ஒரு நஷ்டமும் இருந்தது. பாதியில் நின்ற அந்த டிசைனுக்காக முள்ளிப்பட்டில் அய்யாக்கண்ணு என்பவரின் தறி, பாவு நூல் ஏற்றியபடியே சும்மா கிடந்தது. நெய்தால்தான் கூலி. அவருடைய மனைவி பூங்காவனம் அந்த நாட்களில் ரைஸ் மில்லுக்கு வேலைக்குப் போனார். நியாயத்தை எடுத்துச் சொல்லலாம் என்று கோப்போடு வந்த அபிதாவிடம் பச்சையப்பன், கோப்பைத் திறக்கக்கூட விடாமல் சொன்னது இது: "உன் கையில பில்லு கீது. என் தறி மேல சேல இல்ல."

அபிதா திறக்காத கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

இப்போது ஆடி மாதத்தில், மனம் இளகியோ, சென்டர்காரர்களின்மேல் சலிப்பு வந்தோ, பச்சையப்பன் மீண்டும் ஒரு வேலையைக் கொண்டுவந்தார். ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணச் சேலை. முந்தானையில் நேருக்கு நேர் நிற்கும் இரண்டு யாளிகள். நெய்யப்போவது அதே அய்யாக்கண்ணுவின் தறி.

"வெள்ளிக்கெழம வெளக்கு வைக்கறப்ப வருவேன். டிசைன் ரெடியா இருக்கணும். இல்லன்னா சென்டர்ல ஒரு யாளி வச்சிகினு கீறான், அத ஏத்திடுவேன். அதுக்கப்பறம் எங்கிட்ட வேல கேட்டு வராதம்மா. எனக்கும் சங்கடம், உனக்கும் சங்கடம்."

யாளிகளை அபிதா வரைபடத் தாளில் கையாலேயே எழுதி முடித்து, ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து வைத்திருந்தார். அதைத் தறிக்குப் புரியும் கோப்பாக மாற்றுவதுதான் பாக்கி. அதற்குக் கணினி வேண்டும். விலை பார்த்து, விசாரித்து, வெவ்வேறு இடங்களில் சொல்லி வைத்த உறுப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றையும் தாங்கும் மதர்போர்டு மட்டும் எங்கெங்கோ சுற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில்தான் வந்து சேர்ந்தது.

தறி இருக்கும் அறைக்கு அடுத்த அறையின் தரையைத் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி, அபிதா வேலையைத் தொடங்கினார். பட்டுத் தூசி பறக்கும் என்பதால் தறியையும் நிறுத்தச் சொன்னார்.

"ஆடி வெள்ளியில தறிக்கு லீவு, பொட்டிக்குப் பூஜையா?" என்றார் வேடியப்பன்.

"பேசாம உக்காருங்க. படம் எடுக்கணும், போனப் புடிங்க."

"மறுபடியுமா? மூடியோட ஒரு படம், மூடி இல்லாம ஒரு படம். கல்யாணத்துக்குக்கூட இத்தினி எடுக்கல."

"கல்யாணத்துக்கு யாரும் சீல் ஒடஞ்சிச்சின்னு சொல்லலியே."

பையைக் கத்தரிக்கும் முன்னும் பின்னும் படம். மதர்போர்டு அமரும் அடித்தகட்டில் சின்னப் பித்தளைக் கால்களை முடுக்கியபின் படம். பிராசஸரை அதன் குழியில் வைத்து நெம்புகோலை அழுத்தியபோது, ஏதோ நொறுங்குவதுபோல் ஒரு சத்தம் வந்தது. வீடியோக்களிலும் அந்தச் சத்தம் வரும் என்பது நினைவுக்கு வந்தபிறகுதான் விரலை எடுத்தார். அதற்கும் படம். மெமரி, விசிறி, தகவல் வைக்கும் சில்லு என்று அடுத்தடுத்து ஏறின. படத்தாளில் காட்டியபடி பக்கத் தகடுகள் எழுந்து நின்றன. முன் தகட்டில் இருந்த பொத்தானின் இரண்டு மெல்லிய ஒயர்களை, மதர்போர்டின் ஓரத்தில் ஊசிபோல் நின்ற இரண்டு முனைகளில் மாட்டினார். தகட்டை மூடும்போதெல்லாம் அந்த ஒயர்கள் இழுபட்டு நழுவின. கட்டி வைக்கலாம் என்றால், பையிலிருந்த பட்டைகள் மற்ற இடங்களுக்கே தீர்ந்துபோயிருந்தன. அவர் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஒயர்களைக் கட்டி முடித்து, மேல் தகட்டை முடுக்கினார்.

மதியத்துக்கு முன்பே பெட்டி நின்றது. கையில் எடுத்தால் ஒரு டிபன் கேரியரின் கனம். வேடியப்பன் அதைச் சுற்றி வந்து பார்த்து, "இவ்ளோதானா? இது உள்ளயா ரெண்டு யாளியும் போவுது?" என்றார்.

ஒரு கையால் சுவர் சுவிட்சைப் போட்டு, மறுகையால் பொத்தானை அழுத்தினார் அபிதா. விசிறி சுழன்றது. சின்ன விளக்கு எரிந்தது. திரையில் கம்பெனியின் பெயர் வந்தது.

"எரியுது! அபிதா, எரியுது பாரு!"

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அணைந்தது.

பொத்தானை அழுத்தினார். ஒன்றுமில்லை. மீண்டும் அழுத்தினார். சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டு, கூடவே பொத்தானையும் அழுத்தினால் உயிர் வந்தது. திரையில் பெயர் வந்தது. உடனே எல்லாம் இருண்டது. எத்தனை முறை செய்தாலும் அதே கதி.

பெட்டியின் தகடு எங்கோ மதர்போர்டை உரசுகிறது என்று முதலில் நினைத்தார். மேல் தகட்டைக் கழற்றினார். பிறகு பக்கத் தகடுகளை. பித்தளைக் கால்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பொத்தான் இருந்த முன் தகட்டை மட்டும் ஒயரோடு ஓரமாகச் சாய்த்து வைத்தார். அது இல்லாமல் எப்படி உயிர்ப்பிப்பது என்று அவருக்குத் தெரியாது. திறந்தபடியே போட்டுப் பார்த்தபோதும் எரிந்தது, அணைந்தது. மெமரியை இடம் மாற்றினார். பவர் ஒயரைக் கழற்றி மாட்டினார். பிராசஸரின்மேல் இருந்த விசிறியைக் கழற்றி, பசை சரியாகப் பரவியிருக்கிறதா என்று பார்த்து, துடைத்து, மீண்டும் பூசினார். எரிந்தது, அணைந்தது. மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு மாறிக்கொண்டே இருந்தது. கூழ் ஊற்றும் நேரமும் கடந்துவிட்டது என்பது அதிலிருந்து தெரிந்தது.

"சாப்புடு. சாப்ட்டு பாரு," என்றார் வேடியப்பன்.

"போர்டு பழசுங்க. மறுபடியும் எவனோ பழச குடுத்திருக்கான்."

சொல்லும்போதே அவருடைய கை படங்களை வரிசைப்படுத்தத் தொடங்கிவிட்டது. உறை, சீல், ரசீது. விற்றவர்களின் உதவி எண்ணுக்கு அழைத்தார். வெகுநேரம் இசையைக் கேட்க வைத்தபின் ஒரு பெண் குரல் வந்தது. பழுதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கடைசியில் விசாரித்தது:

"மேடம், அசெம்பிள் பண்ணது டெக்னீஷியனா, நீங்களேவா?"

"நான்தான்."

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "அப்போ போர்ட திருப்பி அனுப்புங்க மேடம். செக் பண்ணித்தான் சொல்ல முடியும்."

போன வருஷம் கடையின் கண்ணாடி மேஜைக்கு எதிரே நின்று கேட்டதும் இதே பேச்சைத்தான். அவர் கைப்பேசியைத் தரையில் கவிழ்த்து வைத்தார்.

அந்நேரம் பார்த்துச் சந்தில் வண்டிச் சத்தம் கேட்டது. பச்சையப்பனின் வண்டி. விளக்கு வைக்க இன்னும் நேரமிருந்தது. கோயிலுக்கு வந்தவர் அப்படியே வந்துவிட்டார். நெற்றியில் குங்குமம், கையில் பிரசாதப் பொட்டலம். உள்ளே வந்தவர், தரையெங்கும் தகடும் திருகுமாகக் கிடந்ததைத் தாண்ட இடமில்லாமல் நிலைப்படியிலேயே நின்றார்.

"இன்னாம்மா இது? பொட்டி எங்க? அப்பளம் காயவச்ச மாதிரி கீது."

"பூட்டித்தாண்ணா இருந்திச்சி. கழட்டியிருக்கேன். ஒரு சின்ன கோளாறு."

"டிசைனு?"

அபிதா தரையில் கிடந்த தகடுகளை ஒதுக்கி வழிவிட்டார். பச்சையப்பன் பிரசாதத்தை வேடியப்பனிடம் கொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. சலிப்போடு சிரித்தார்.

"போன தபா கடக்காரன் ஏமாத்தினான். இந்த தபா யாரும்மா?"

"மொதலாளி," என்றார் வேடியப்பன், குரல் சற்று உயர, "அது காலையிலருந்து பச்சத் தண்ணி குடிக்கல. நீங்க பாட்டுக்கு..."

"நீங்க இருங்க," என்றார் அபிதா.

"நான் தப்பா சொல்லலப்பா. பேஜாரா கீது, அதான் கேட்டேன். அய்யாக்கண்ணு பாவு புணச்சி வச்சிட்டு உக்காந்துகினு கீறான். அவன் பொண்டாட்டி என்ன நிக்க வச்சிக் கேக்குது, மறுபடியும் மில்லுக்குப் போவணுமா, இப்பவே சொல்லுன்னு. நான் யாருக்குன்னு பதில் சொல்லுவேன்?" அவர் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். "சென்டர்காரன் கடை மூடறதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லிடறேன். உன் மேல கோவம் இல்லம்மா."

"அண்ணா, ஒரே ஒரு தபா. உங்க கண்ணு முன்னால போட்டுக் காட்டறேன். அப்பறம் பேசுங்க."

போட்டுக் காட்டினால் என்ன ஆகிவிடும் என்று அவருக்கே தெரியாது. பொய் சொல்லவில்லை, எரிகிறது என்பதையாவது அவர் பார்க்கட்டும் என்றுதான் தோன்றியது. அபிதா கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, மதர்போர்டின்மேல் குனிந்து, கணவரைப் பார்த்துத் தலையசைத்தார். வேடியப்பன் சுவர் சுவிட்சைப் போட்டார்.

விசிறி சுழன்றது. விளக்கு எரிந்தது. பெயர் வந்தது. எல்லாம் அணைந்தது.

பச்சையப்பன் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். "இன்னா, பேய் புடிச்சிகினு கீதா இதுக்கு? நீ கையே வைக்கல. தானா எழுந்துக்குது, தானா படுத்துக்குது."

அது கேலிதான். ஆனால் அபிதாவின் நிமிர்ந்த தலை அப்படியே நின்றுவிட்டது.

கை வைக்கவில்லை. உண்மை. காலையிலிருந்து சுவிட்சையும் பொத்தானையும் சேர்த்தே இயக்கிக்கொண்டிருந்ததால், எதற்கு உயிர் வருகிறது என்று அவர் பிரித்துப் பார்க்கவே இல்லை. பொத்தானைத் தொடாமலே எழுகிறது என்றால், பொத்தான் ஏற்கெனவே அழுத்தப்பட்டிருக்கிறது. எழுந்தது ஏன் உடனே படுக்கிறது? பழைய கணினி வேலையின் நடுவில் உறைந்து நிற்கும்போதெல்லாம் அவர் செய்தது நினைவுக்கு வந்தது: பொத்தானை அழுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால், அது அடங்கிப்போகும்.

யாரோ பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் இருக்கிறார்கள்.

"சுவிட்ச ஆப் பண்ணுங்க. பிளக்கையும் புடுங்குங்க."

முன் தகட்டை எடுத்துப் பொத்தானை அழுத்திப் பார்த்தார். உள்ளே போய்த் துள்ளி வெளியே வந்தது; சிக்கவில்லை. பொத்தானின் முதுகிலிருந்து கிளம்பிய இரண்டு ஒயர்களையும் விரல்களுக்கிடையில் பிடித்து, அறுந்த இழையைத் தேடுபவரைப்போல் அங்குலம் அங்குலமாக நகர்ந்து வந்தார். அவை மதர்போர்டின் ஊசிமுனைகளில் போய் முடியும் இடத்தில் ஏதோ மின்னியது.

பொன்னிறமாக.

நெசவு வீட்டில் யாரும் கயிறு வாங்குவதில்லை. தறியடியில் வெட்டி விழும் இழைத் துண்டுகள் ஒரு டப்பாவில் சேர்கின்றன. கறிவேப்பிலைக் கொத்தும், பாதி தீர்ந்த மாவுப் பொட்டலமும், பிள்ளைகளின் சடையும்கூட அந்த இழையால்தான் கட்டப்படுகின்றன. பட்டைகள் தீர்ந்துபோனபோது அபிதாவின் கை, அவரைக் கேட்காமலே, எப்போதும் போகும் இடத்துக்குப் போயிருக்கிறது. வந்தது பட்டு இழையாக இருந்தால் ஒன்றுமில்லை. வந்தது ஜரிகை, வெள்ளியும் பொன்னும் முலாம் பூசிய செம்பு இழையைச் சுற்றிய நூல். ஒயர்கள் நழுவாதபடி இரண்டு முனைகளின் காலடியிலேயே அதை இறுக்கிச் சுற்றி, முடிச்சுப் போட்டு, நுனியைக் கத்தரித்திருந்தார். கத்தரித்த நுனி ஊசிமுனைகள் இரண்டையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டிருந்தது. காலையிலிருந்து பொத்தானை அழுத்திப் பிடித்திருந்த விரல் அதுதான். அத்தனை படம் எடுத்தவர் அதற்கு மட்டும் படம் எடுக்கவில்லை. கட்டுவது அவருக்கு ஒரு வேலையாகவே தோன்றியிருக்கவில்லை.

வேடியப்பனிடம் இழை வெட்டும் சின்னக் கத்தரியை வாங்கி முடிச்சை அறுத்தார். ஊதினார். உள்ளங்கையில் வைத்து எல்லாத் துண்டும் வந்துவிட்டதா என்று பார்த்தார்.

"போடுங்க."

வேடியப்பன் சுவிட்சைப் போட்டார். எதுவும் நடக்கவில்லை. விசிறி அசையவில்லை, விளக்கு எரியவில்லை.

"போச்சி," என்றார் பச்சையப்பன். "இருந்த உசுரும் போயிட்ச்சி."

அபிதா பொத்தானை அழுத்திவிட்டு விரலை எடுத்தார்.

விசிறி சுழன்றது. பெயர் வந்தது. மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேடியப்பனின் உதடுகள், தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலை எண்ணும்போது அசைவதுபோல் அசைந்தன. பெயர் போய், வேறொரு வெளிச்சம் வந்து, நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"இன்னா ஆச்சி? எப்டி சரியாச்சி?" என்றார் பச்சையப்பன்.

சொல்வதற்குத் தோதான பதில்கள் இருந்தன. லூஸ் கனெக்சன் என்றிருக்கலாம். கம்பெனிக் கோளாறு என்றிருக்கலாம். அதை நம்ப வைக்க அவரிடம் படங்களும் இருந்தன. அபிதா உள்ளங்கையை அவர் முன்னால் நீட்டினார்.

பச்சையப்பன் அந்தத் துண்டை விரலால் உருட்டிப் பார்த்தார். "ஜரிக."

"ஆமாண்ணா. ஒயர இதால கட்டிட்டேன். இந்த தபா யாருன்னு கேட்டீங்களே, நான்தான்."

"ஜரிகையில கரண்ட்டு போவும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணா. கைக்குத் தெரியல."

பச்சையப்பன் அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். மேலே ஏதோ ஒரு தாள் வரும், ஒரு விளக்கம் வரும் என்று காத்திருந்ததுபோல் இருந்தது. எதுவும் வரவில்லை. கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வேடியப்பா, டீ கெடைக்குமா? வெளக்கு வைக்கற வரைக்கும் கீறேன். அதுக்கு மேல இருக்க மாட்டேன்."

அபிதா டிசைன் போடும் மென்பொருளைக் கணினியில் ஏற்ற விட்டார். மென்பொருள் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் தகடுகளை மீண்டும் எழுப்பினார். யாளிகளைத் திரைக்குக் கொண்டுவந்து, கட்டம் கட்டமாகத் தறியின் மொழிக்கு மாற்றத் தொடங்கினார். பச்சையப்பன் இரண்டு தரம் வந்து பின்னால் நின்றார். ஒருதரம், "கண்ணு பெருசா கீது, மெரட்டுது. பொண்ணு பயந்துடும்" என்றார். கண்ணைச் சிறிதாக்கினார் அபிதா. இன்னொரு தரம் கைப்பேசியில் நேரம் பார்த்துவிட்டுப் போனார். அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது. தெருவிளக்கு எரிந்து, எதிர்வீட்டு வாசலில் அகல் வைக்கும்போது கோப்பு முடிந்தது. அதைப் பென் டிரைவில் ஏற்றி நீட்டினார்.

பச்சையப்பன் வாங்கவில்லை. "இது வேணாம். பொட்டிய எடுத்துகினு காலையில முள்ளிப்பட்டுக்கு வா. தறியில எதுனா தப்பு வந்தா அங்கயே திருத்து. முத யாளி வர்ற வரைக்கும் சென்டர்காரனுக்கு நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

காலையில் ஒயர்கூடைக்குள் ஒரு துண்டைச் சுற்றிப் பெட்டியை வைத்துக்கொண்டு அபிதா பேருந்தில் ஏறினார். வேடியப்பன் கூட வருவதாகச் சொன்னதை மறுத்துவிட்டார். மடியில் கூடையை வைத்து, பள்ளம் வரும்போதெல்லாம் இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார்.

அய்யாக்கண்ணு வீட்டு வாசலில் பூங்காவனம் நின்றிருந்தார். கூடையைப் பார்த்தார்.

"இதுவா பொட்டி? உசுரோட கீதா, வழியிலயே போயிட்ச்சா?"

"கீதுக்கா."

"பாக்கலாம்," என்று வழிவிட்டார். உள்ளே பச்சையப்பன் முன்பே வந்து நின்றிருந்தார்.

தறிக்குப் பக்கத்தில் டிவி இருந்தது. அதையே திரையாக்கிப் பெட்டியை மாட்டினார் அபிதா. தறியின்மேலிருந்து பாவு இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு இயந்திரத்தில் கோப்பு ஏறியது. அய்யாக்கண்ணு மிதியை அழுத்தினார். மேலே கொக்கிகள் கூட்டமாக எழுந்தன. ஊடை நூல் சுற்றிய நாடா குறுக்கே ஓடியது. யாளியின் நகங்கள் வந்தன, பாதம் வந்தது. முழங்காலுக்கு வந்தபோது அய்யாக்கண்ணு மிதியிலிருந்து காலை எடுத்தார்.

"மொதலாளி, கால் கோணுது."

கரையை ஒட்டிய யாளியின் கால், ஓர் இழை விலகி உடைந்திருந்தது. பச்சையப்பன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். பூங்காவனம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். போன வருஷம் இந்த இடத்தில்தான் எல்லாம் நின்றது. இந்த இடத்திலிருந்துதான், "வூட்டுக்குப் போய் பாத்துட்டு வரேன்" என்று கிளம்பிப் போன அபிதா, கணினி செத்துப்போனதால் திரும்பி வரவில்லை.

அவர் டிவியின் முன் தரையில் உட்கார்ந்தார். சேலையின் கரைக்கும் உடல் பகுதிக்கும் இடையே இந்தத் தறியில் கொக்கிகள் எப்படிப் பிரிகின்றன என்று அய்யாக்கண்ணுவிடம் கேட்டார். அவர் மேலே பார்த்துச் சொல்லச் சொல்ல, கரையின் எல்லையில் ஒரு கொக்கியைத் தாம் உடலோடு சேர்த்துவிட்டது தெரிந்தது. "என் கணக்குதான் தப்பு" என்றார். திருத்தினார். கோணிய வரைக்கும் அய்யாக்கண்ணு ஊடையைப் பிரித்தெடுத்தார். கோப்பு மறுபடியும் ஏறியது.

மிதி, கொக்கி, நாடா. மிதி, கொக்கி, நாடா. முழங்கால் வந்தது. தொடை வந்தது. வளைந்த வாலின் நுனி எதிர் யாளியின் வால் நுனியைப் பார்த்தபடி எழுந்தது. பிடரி வந்து, திறந்த வாய் வந்து, நேற்று மாலை சிறிதாக்கிய கண் ஜரிகையில் வந்து நின்றதும், பச்சையப்பன் கையை உயர்த்தித் தறியை நிறுத்தினார். குனிந்து, கைப்பேசி விளக்கைத் துணியின் அடிப்பக்கம் பிடித்தார். ஜரிகை எங்காவது பிடிபடாமல் தொங்கினால் அங்கேதான் தெரியும். விரலால் தடவினார். ஒரு கரையிலிருந்து மறு கரைவரை தடவினார். மீண்டும் தடவினார்.

நிமிர்ந்தவர் அபிதாவைப் பார்க்கவில்லை. அய்யாக்கண்ணுவைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார்.

"ஓட்டு."

தறி ஓடத் தொடங்கியது. பச்சையப்பன் கைப்பேசியைக் காதில் வைத்தபடி வாசலுக்குப் போனார். "அந்த யாளி வேணாம்பா, வேற யாருக்குனா குடு" என்று அவர் குரல் வெளியிலிருந்து கேட்டது. அபிதா அப்போதும் எழுந்து நின்றபடி தறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூங்காவனம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் ஏன் நின்னுகினே கீற? உக்காரு. நீ நிக்கறதப் பாத்தா எனக்குப் பயமா கீது."